ஏசி அனுப்பும் முன் வயரை அனுப்புங்கள்



நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். குறிப்பாகச் சென்னை, பெங்களூர், சிங்கப்பூர், அமெரிக்கா என்று வெளியூரில் இருந்துகொண்டு, ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்குப் பொருள் வாங்கி அனுப்பும் பிள்ளைகள் கட்டாயம் படிக்க வேண்டும்.

கோடை வந்தால் ஏசி, மார்கழி வந்தால் வாட்டர் ஹீட்டர், அம்மாவுக்குக் கால் வலி என்றால் இண்டக்‌ஷன் அடுப்பு, அப்பாவுக்கு மூச்சுத் திணறல் என்றால் நெபுலைசர். ஆன்லைனில் பணம் கட்டினால் மூன்றாம் நாள் வாசலில் இறங்கிவிடுகிறது. நல்ல மனசு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் வந்து இறங்கிய பொருளை எங்கே செருகுவது? அங்கேதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது. வீடு 1965-இலோ 1975-இலோ கட்டியது. கூடத்தில் ஒரு பிளக் பாயிண்ட், படுக்கை அறையில் ஒன்று, சமையலறையில் ஒன்று இருந்தால் அதிர்ஷ்டம். உடனே தெருமுனைக் கடையில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அது போதாமல் அதிலிருந்து இன்னொன்று.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பழைய வீட்டில் பாயிண்ட் சேர்ப்பது என்றால் சுவரில் ஒரு ஓட்டை கூடுதலாகப் போடுவது என்று நினைக்காதீர்கள். மீட்டர் பலகையிலிருந்து புதுக் கம்பி, எர்த், ஆர்.சி.சி.பி. மூன்றும் சேர்ந்து வந்தால்தான் அது பாயிண்ட். பொருளை அனுப்பும் முன் இதற்கான பணத்தை அனுப்புங்கள்.

அந்தக் காலத்து வீடுகளைக் குறை சொல்லவில்லை. தமிழ்நாடு மின்சார வாரியம் உருவானதே 1957-இல்தான். அதற்குப் பின் இருபது வருஷம் மின்சாரம் என்றால் விளக்கு. அறைக்கு ஒரு பல்பு, கூடத்துக்கு ஒரு மின்விசிறி, ரேடியோ வைக்க மாடத்துக்குப் பக்கத்தில் ஒரு ரெண்டு பின் பாயிண்ட். அதற்குத் தக்கபடி மெல்லிய கம்பி போட்டார்கள். அன்றைய கணக்குக்கு அது சரி. விளக்கும் விசிறியும் போகும் ஒரு சர்க்யூட்டில் பத்து பாயிண்ட் அல்லது 800 வாட், அதற்கு மேல் ஏற்றக் கூடாது என்பது வயரிங் தொழிலில் இன்றும் சொல்லப்படும் கணக்கு. ஒரு சாதாரண இஸ்திரிப் பெட்டியே 750-லிருந்து 1,000 வாட் வரை வருகிறது. மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ப் பெயர்க் கதை உங்களுக்குத் தெரியும். பல்லவ மன்னன் கணிகண்ணனை நாடு கடத்தினான். குரு திருமழிசையாழ்வாரும் சீடனோடு கிளம்பினார். ஆழ்வார் சொன்னதைக் கேட்டுப் பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார். அவர்கள் ஓர் இரவு தங்கிய இடம் ‘ஓரிரவிருக்கை’. அதுவே ஓரிக்கை ஆயிற்று என்பார்கள். மறுநாள் மன்னன் மன்னிப்புக் கேட்டதும் பெருமாள் பாயைச் சுருட்டிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். நம் வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் “இன்னைக்கு ஒரு ராத்திரி இருக்கட்டும், நாளைக்கு எலக்ட்ரீஷியன் வருவான்” என்று சொல்லித்தான் உள்ளே வருகிறது. ஆனால் அது சுருட்டிக்கொண்டு போவதே இல்லை. பத்து வருஷம் கட்டிலுக்கு அடியிலேயே படுத்திருக்கிறது. தூசி, ஒட்டடை, மழைக்காலத்தில் தரையில் ஈரம், ராத்திரி எழுந்து போகும்போது பாட்டி காலில் சிக்கும் வயர். வயதானவர்கள் வீட்டில் மின்சாரம் தாக்குவதற்கு முன்பே அந்த வயர் தடுக்கிவிட்டு இடுப்பை உடைத்துவிடும்.

இனி கொஞ்சம் பத்தாம் வகுப்புப் பாடம். பயப்பட வேண்டாம், பரீட்சை இல்லை.

நம் சின்ன பாயிண்ட் 6 ஆம்பியர். பெரிய பாயிண்ட் 16 ஆம்பியர். வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். பெருக்கினால் சின்ன பாயிண்ட் அதிகபட்சம் 1,380 வாட் தாங்கும். பெரியது 3,680 வாட். தண்ணீர் சூடாக்கும் கீசர் 2,000 வாட் என்றால் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பும் அப்படியே. அதனால்தான் அவற்றின் பிளக்கில் பின் தடியாக இருக்கிறது. சின்ன பாயிண்டில் நுழையவே கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். நாமோ முப்பது நாற்பது ரூபாய்க்குக் கன்வர்ட்டர் பிளக் வாங்கி, தடித்த பின்னைச் சின்ன ஓட்டைக்குள் அனுப்பி, அந்தப் பாதுகாப்பைத் தாண்டிவிடுகிறோம்.

கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஜூல் விதி, கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன்! மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. “கொஞ்சம் கூடத்தானே சார் இழுக்குது” என்பவர்களுக்கு இதுதான் பதில். கொஞ்சம் கூட இழுத்தால் நிறையவே சுடும். அதிலும் கம்பி இணையும் இடம் தளர்ந்திருந்தால் அங்கே மின்தடை கூடும், அந்த ஒரு இடம் மட்டும் கொதிக்கும். பிளக் கறுத்துப்போவதும், ஸ்விட்ச் போர்டு பக்கம் மீன் வாடை மாதிரி ஒரு நாற்றம் வருவதும் இதனால்தான். பழைய வீடுகளில் சில சமயம் அலுமினியக் கம்பி இருக்கும். அதோடு புதுத் தாமிரக் கம்பியை முறுக்கி டேப் சுற்றிவிட்டால், அந்த இணைப்பு நாளடைவில் தளர்ந்து, ஆக்சைடு படிந்து, சூடேறத் தொடங்கும். அதற்கும் முந்தைய வீடுகளில் மரப்பட்டை மேல் கிளிப் அடித்த ரப்பர் உறைக் கம்பி. ஐம்பது வருஷ ரப்பர், கை பட்டாலே அப்பளம் மாதிரி நொறுங்கும். அதிலிருந்து கிளை பிரித்து ஒரு ஏசி போட்டால் என்ன ஆகும்?

அடுத்தது எர்த். மூன்று ஓட்டை பாயிண்டில் மேலே இருக்கும் பெரிய ஓட்டையை ஏகாம்பரநாதரின் நெற்றிக்கண் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளக்கில் அந்தப் பின் மட்டும் ஏன் நீளம்? செருகும்போது முதலில் அது தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் அது விட வேண்டும். கருவியின் உடம்பில் மின்கசிவு இருந்தால், அது உங்கள் உடம்பு வழியாக மண்ணுக்குப் போகாமல் அந்தக் கம்பி வழியாகப் போகட்டும் என்ற ஏற்பாடு அது. பல பழைய வீடுகளில் இந்த நெற்றிக்கண் குருடு. மூன்று ஓட்டை இருக்கும். பின்னால் பச்சைக் கம்பி இருக்காது. இன்னும் சில வீடுகளில் அந்தக் காலத்தில் எர்த் கம்பியை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். பிறகு பிளம்பர் வந்து இரும்புக் குழாயை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குழாய் போட்டிருப்பார். எர்த் அன்றைக்கே போய்விட்டது, வீட்டில் யாருக்கும் தெரியாது. இதைவிட ஆபத்து, எர்த் இல்லாத பாயிண்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டு “எர்த் குடுத்தாச்சு சார்” என்று சொல்லிப் போகிற வேலை. வழியில் எங்காவது நியூட்ரல் அறுந்தால் ஃபிரிட்ஜ் கதவிலும் வாஷிங் மெஷின் மூடியிலும் மின்சாரம் ஏறி நிற்கும்.

“ஃபியூஸ் இருக்கே சார், எம்.சி.பி. இருக்கே” என்று கேட்பீர்கள். இங்கேதான் படித்தவர்களும் குழம்புகிறார்கள். ஃபியூஸும் எம்.சி.பி.யும் கம்பியைக் காப்பாற்றப் போட்டவை. உங்களைக் காப்பாற்ற அல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி. 16 ஆம்பியரைத் தாண்டினால்தான் விழும். அதாவது 16,000 மில்லி ஆம்பியர். மனித இதயத்தைத் தடுமாற வைக்க 100 மில்லி ஆம்பியரே போதும். ஆள் கருகிப்போனாலும் அந்த எம்.சி.பி. “எல்லாம் ஒழுங்காக இருக்கிறது” என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கும். பீங்கான் ஃபியூஸ் கட்டையில் பீஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த தாமிரக் கம்பியைச் சுற்றிவைத்த வீடுகளில் அந்தக் கம்பிப் பாதுகாப்பும் போச்சு.

ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. வேலை எளிது. போகிற மின்னோட்டத்தையும் திரும்பி வருகிற மின்னோட்டத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். நம் ஊர் மளிகைக் கடை அண்ணாச்சி கல்லாக் கணக்குப் பார்ப்பது போல, போனதும் வந்ததும் பொருந்த வேண்டும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால், யாரோ ஒருவர் உடம்பு வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ அது கசிகிறது என்று பொருள். கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். நல்ல எர்த்தும் இருந்தால், யாரும் தொடும் முன்பே, கசிவு தொடங்கியவுடனே விழுந்துவிடும். மின்வாரியமும் இதைப் பொருத்தச் சொல்லித் தொடர்ந்து சொல்லிவருகிறது. ஒரு நல்ல பட்டுப்புடவையின் விலையில் சிறு பங்குதான் ஆகும்.

புடவை என்றதும் தறி வீடுகள் ஞாபகம் வருகின்றன. உங்களில் பாதிப் பேர் தறிச் சத்தத்தில் வீட்டுப்பாடம் எழுதியவர்கள். குழித்தறியில் உட்கார்ந்தால் வெறுங்கால் மிதியின் மேல். மிதிக்குக் கீழே குழி, குழியில் குளிர்ந்த மண். பாவு காய்ந்து இழை அறுந்துவிடக் கூடாது என்று அந்த ஈரம் நெசவுக்கு வேண்டும். அதே ஈரம் மின்சாரத்துக்கு நல்ல வழி. தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி, அதில் இப்போது சில வீடுகளில் மோட்டார், பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன், ஒரு எல்.இ.டி. விளக்கு, செல்போன் சார்ஜர். எல்லாம் ஆணியில் தொங்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து. கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் வரை அரசு விலையில்லா மின்சாரம் கொடுக்கிறது, நல்ல காரியம். ஆனால் கட்டணம் இல்லாத மின்சாரமும் அதே ஷாக்தான் அடிக்கும். நெசவாளர் வீட்டில் ஆர்.சி.சி.பி. இல்லாமல் இருக்கவே கூடாது என்பது என் கட்சி. கூட்டுறவுச் சங்கங்களில் பொறுப்பில் இருக்கும் என் மாணவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தறிக்கு உதிரிபாகம் எப்படியோ, தறிக்காரருக்கு இது அப்படி. நம் தெருக்களில் வீட்டுக்கு வீடு பொதுச் சுவர் வேறு. ஒரு வீட்டில் கருகினால் அடுத்த வீட்டுப் பட்டும் ஜரிகையும் சேர்ந்து போகும்.

இனி உங்கள் ஆட்சேபணைகளுக்கு வருகிறேன். எல்லாம் நான் கேட்டவைதான்.

“எப்படியும் இடிச்சுக் கட்டப்போற வீடு சார், இதுல எதுக்குச் செலவு?” எப்போது இடிப்பீர்கள்? அண்ணன் தம்பி பாகம் பிரிய வேண்டும், பத்திரம் ஆக வேண்டும், பெண் கல்யாணம் முடிய வேண்டும். அதற்குள் பத்து வருஷம். அந்தப் பத்து வருஷமும் உள்ளே இருக்கப்போவது உங்கள் அம்மா.

“பழைய சுண்ணாம்புச் சுவரை உடைச்சா தாங்காது.” இது நியாயமான கவலை. சுண்ணாம்புச் சாந்துச் சுவரை மெஷின் வைத்துக் குறுக்கே அறுக்கக் கூடாது. தேக்கு உத்தரத்திலும் மெட்ராஸ் டெரஸ் கூரையிலும் துளை போடக் கூடாது. யார் உடைக்கச் சொன்னார்கள்? சுவருக்கு மேலேயே பி.வி.சி. கேசிங் ஓட்டலாம். கதவு நிலையை ஒட்டிக் கொண்டுபோனால் கண்ணுக்கும் உறுத்தாது. பின்னால் பழுது பார்க்கவும் சுலபம். அந்தக் காலத்து மரப்பட்டை வயரிங்கும் சுவருக்கு மேலே ஓடியதுதானே! அழகுக்காகக் கம்பியைச் சுவருக்குள் புதைக்கும் ஆசை நமக்குப் பிறகு வந்ததுதான்.

“வாடகை வீடு சார், ஓனர் சம்மதிக்க மாட்டேங்கிறார்.” இது ஓனர்களுக்கு. நம் சொந்தத்திலேயே நாலைந்து வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்கள் உண்டு, கோபித்துக்கொள்ள வேண்டாம். குடியிருப்பவர் பாயிண்ட் கேட்டால் “கரண்ட் பில் ஏறும், சுவர் பாழாகும்” என்கிறீர்கள். பாயிண்ட் இல்லையென்றால் அவர் பொருளை விற்றுவிடுவாரா? எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போடுவார். அப்போது உங்கள் வீடுதான் எரியும். மீட்டருக்குப் பக்கத்தில் ஆர்.சி.சி.பி. போட்டுக் கொடுப்பது ஓனர் கடமை. வெள்ளையடிப்பது மாதிரி அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

“நாப்பது வருஷமா ஒண்ணும் ஆகல.” நாற்பது வருஷமாக அந்தக் கம்பி மேல் ரேடியோவும் பல்பும் இருந்தன. போன வருஷம்தான் கீசர் வந்தது. கம்பிக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது, சுமையும் ஏறிக்கொண்டே போகிறது. நம்மில் யாருக்கு அது ஒத்துக்கொள்ளும்?

சரி, என்னதான் செய்வது? வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டு இருக்கிற வயரிங்கை மெக்கர் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். எர்த் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று அளந்து பார்க்கட்டும். டெஸ்டரில் விளக்கு எரிவதை வைத்து எர்த்தைச் சொல்ல முடியாது. எர்த் இல்லையென்றால் கொல்லையில் குழாய் இறக்கிப் புது எர்த். பழைய முறையில் கரியும் உப்பும் போட்ட குழி என்றால் கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், துளசிக்கு ஊற்றுவது போல.

இரண்டாவது, மெயின் பக்கத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடுங்கள். பழைய வயரிங்கில் போட்டவுடன் அடிக்கடி விழுந்தால் “மட்டமான சரக்கு” என்று கழற்றிவிடாதீர்கள். எங்கோ கசிவு இருக்கிறது என்று அது சொல்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, புதுப் பாயிண்டுகளைப் பழைய விளக்கு லைனிலிருந்து கிளை பிரிக்காமல், மெயினிலிருந்து தனி எம்.சி.பி.யோடு தனி லைனாகக் கொண்டுவாருங்கள். பெரிய பாயிண்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி, ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனியாக 4 சதுர மில்லிமீட்டர். சிவப்பு, கறுப்பு, பச்சை மூன்றும் போக வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். மொத்தச் சுமை கூடினால் மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுத்து அனுமதிக்கப்பட்ட சுமையையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

நான்காவது, போடுவதை தாராளமாகப் போடுங்கள். அமெரிக்க விதிப்படி, வசிக்கும் அறைச் சுவரில் எந்த இடமும் ஒரு பாயிண்டிலிருந்து ஆறு அடிக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது. அங்கே இருக்கும் பிள்ளைகள் தங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்தாலே தெரியும். வசதிக்காக மட்டும் வைத்த விதி அல்ல அது. ஆள் எக்ஸ்டென்ஷன் வயரைத் தேடக் கூடாது என்பதற்காக. கட்டில் தலைமாட்டில் இரண்டு, சமையல் மேடைக்கு மேலே மூன்று நான்கு, டி.வி. இடத்தில் நான்கு. வயதானவர்கள் அறையில் குனியாமல் எட்டும் உயரத்தில் வையுங்கள். சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சதுரப் பின் பிளக்கை நம் வட்ட ஓட்டையில் அடாப்டர் வைத்து நெருக்க வேண்டாம், பிளக்கையே மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, வேலை செய்பவரைப் பற்றி. பல்பு, ஃபியூஸ், ஸ்விட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலை போக, வயரிங் வேலையை உரிமம் பெற்றவர் மூலமாகத்தான் செய்ய வேண்டும் என்பது விதி. மின்கம்பியாள் உதவியாளர் தேர்வு எழுதித் தேறியவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். அதில் என்னிடம் படித்தவர்களும் உண்டு. வகுப்பில் கடைசி பெஞ்சு, வேலையில் முதல் பெஞ்சு. அவர்கள் “மெயின்லேர்ந்து தனி லைன் இழுக்கணும், எர்த் போடணும்” என்று சொன்னால், “பக்கத்துத் தெருக்காரன் இருக்கிற லைன்லேயே முடிச்சுத் தர்றேன்னான்” என்று பேரம் பேசாதீர்கள். சரியாகச் சொல்பவனை நாமே பேரம் பேசித் துரத்திவிட்டு, துண்டுக் கம்பி வைப்பவனை வீட்டுக்குள் கூப்பிடுகிறோம்.

பிள்ளைகளே, அடுத்த தரம் ஊருக்கு வரும்போது ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். சாமி கும்பிட்டுவிட்டு வந்து, அம்மா அப்பா படுக்கும் அறைக்குள் போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து பாருங்கள். எத்தனை பிளக், எத்தனை வயர், எது சூடாக இருக்கிறது, எது கறுத்திருக்கிறது என்று எண்ணுங்கள். மெயின் போர்டில் ‘டெஸ்ட்’ என்று ஒரு சின்ன பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அழுத்துங்கள், வீடு முழுக்கக் கரண்ட் போக வேண்டும். போனால் நல்லது, மறுபடி போட்டுக்கொள்ளலாம். மாதம் ஒரு தரம் அதை அழுத்த அப்பாவுக்குச் சொல்லிக்கொடுங்கள். அந்தப் பொத்தானே இல்லையென்றால், இந்த வருஷம் ஏசி வேண்டாம். முதலில் அது.

செய்து முடித்தவர்கள் கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கும் தைரியம் வரும். இந்த வேலை தெரிந்த என் மாணவர்கள் நான் விட்டுவிட்டதைச் சேர்த்துச் சொல்லுங்கள். வாத்தியார் சொன்னதாயிற்றே என்று சும்மா இருக்க வேண்டாம்.

எல்லோரும் நலமாக இருங்கள். வாழ்க வளமுடன்.